இடம் தரும் பண்பு

மனிதனுடைய பண்பு பெரிய நிகழ்ச்சிகளில்தான் வெளிப்படும் என்று பலர் எண்ணுகின்றனர். போர்க்களத்தில் வீரமும், வறுமையில் நேர்மையும், செல்வத்தில் ஈகையும் விளங்கித் தோன்றுதல் உண்மையே. ஆயினும், அத்தகைய வாய்ப்புகள் எல்லார்க்கும் எந்நாளும் கிட்டுவன அல்ல. நாள்தோறும் நேரும் சிறு செயல்களே பெரும்பாலோருடைய பண்பை அளக்கும் கோல்களாக உள்ளன. நெரிசல் மிகுந்த பேருந்தில் ஒருவர் தம் இருக்கையைப் பற்றி நடந்துகொள்ளும் முறை அத்தகைய கோல்களுள் ஒன்று.

இருக்கையின் அகலம் ஒன்றரை அடிதான். பயண நேரமும் பெரும்பாலும் அரை மணிக்கு உட்பட்டதே. இத்துணைச் சிறிய பொருளைப் பற்றி எழும் மனக்கசப்போ பெரிது. மக்கள் இன்பம் தேடிச் செல்லும் இடங்களிலேயே இக்கசப்பு மிகுதியாகத் தோன்றுவது வியப்புக்குரியது. அமெரிக்க நாட்டிலுள்ள டிஸ்னி பூங்காக்களின் பேருந்துகள் இதற்குத் தக்க சான்றாகும்.

வால்ட் டிஸ்னி (1901–1966) சித்திரப் படங்களால் உலகப் புகழ் பெற்றவர். விடுமுறை நாள்களில் தம் பெண்மக்கள் இருவரையும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கிரிஃபித் பூங்காவிற்கு அழைத்துச் செல்வது அவர் வழக்கம். குழந்தைகள் குதிரை இராட்டினத்தில் ஏறிச் சுற்றி மகிழ்வர். தந்தையார் அருகிலிருந்த விசிப்பலகையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே கூடி மகிழத்தக்க இடம் ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் அங்கே தமக்குத் தோன்றியதாக அவரே பிற்காலத்தில் கூறியுள்ளார். அவ்வெண்ணத்தின் பயனாக 1955 ஜூலை 17இல் கலிபோர்னியா மாநிலத்து ஆனஹைம் நகரில் டிஸ்னிலாண்டு திறக்கப்பட்டது. அவர் மறைந்த பின்னர், 1971 அக்டோபர் 1இல், புளோரிடா மாநிலத்து ஆர்லாண்டோ நகருக்கு அருகே வால்ட் டிஸ்னி வேர்ல்டு என்னும் மிகப் பெரிய கேளிக்கை நகரம் உருவாயிற்று.

இஃது ஒரு பூங்கா அன்று, பூங்காக்களின் தொகுதி. 1971இல் ஒன்று, 1982இல் ஒன்று, 1989இல் ஒன்று, 1998இல் ஒன்று என நான்கு பெரும் பூங்காக்கள் இங்குத் தோன்றியுள்ளன. இவற்றோடு இருபதுக்கும் மேற்பட்ட தங்கும் விடுதிகளும் உள்ளன. இவை யாவும் ஏறத்தாழ 40 சதுர மைல் பரப்பில் பரந்து கிடக்கின்றன. இவ்வளவு தொலைவைக் குழந்தைகளுடன் நடந்து கடத்தல் இயலாது. ஆதலால், நிருவாகத்தாரே விடுதிகளுக்கும் பூங்காக்களுக்கும் இடையே பேருந்துகளை விட்டிருக்கின்றனர். அவற்றில் ஏறுவதற்குத் தனிக் கட்டணம் இல்லை; பயணச் சீட்டு இல்லை; இருக்கைக்கு எண்ணும் இல்லை. முன் வந்தவர் முன் ஏறுவர். இடம் உள்ளவரை அமர்வர். இடம் நிரம்பிய பின் ஏறுவோர் நின்று செல்வர்.

காலை வேளையில் இவ்வேற்பாட்டினால் துன்பம் மிகுதியும் இல்லை. மக்கள் ஒருவர் பின் ஒருவராக வருவர். உடலில் சோர்வும் இராது. இரவில் நிலைமை முற்றிலும் வேறு. வாணவேடிக்கை முடிந்ததும் ஆயிரக்கணக்கான மக்கள் ஒரே நேரத்தில் வாயிலை நோக்கித் திரும்புகின்றனர். புளோரிடாவின் வெயிலில் பகலெல்லாம் நடந்த கால்கள் கடுக்கின்றன. குழந்தைகள் தோளிலேயே உறங்கிவிடுகின்றனர். தள்ளுவண்டியை மடித்து ஒரு கையிலும், உறங்கும் குழந்தையை மறு கையிலும் ஏந்தித் தாய்மார் படியேறுகின்றனர். உள்ளே இருக்கைகள் யாவும் நிரம்பியுள்ளன. அமர்ந்திருப்போர் சிலர் எழுந்து இடம் தருகின்றனர். சிலர் சன்னலின் வழியே இருளை நோக்குகின்றனர். வேறு சிலர் கைப்பேசியில் கண்ணைப் புதைத்துக்கொள்கின்றனர்.

இங்கேதான் வழக்கு எழுகின்றது. இடம் தர வேண்டும் என்பார் ஒரு சாரார். தர வேண்டுவதில்லை என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் கூறுவனவற்றை நடுநிலையில் நின்று ஆராய்தல் வேண்டும்.

இடம் தர வேண்டுவதில்லை என்பார் கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர்களும் பகலெல்லாம் நடந்து களைத்தவர்களே. அவர்களுள் சிலர், அமர்ந்து செல்ல வேண்டும் என்பதற்காகவே, நெரிசலோடு வந்த ஒரு வண்டியை விட்டுவிட்டு, அடுத்த வண்டிக்குக் கால் கடுக்கக் காத்து நின்றவர்கள். நிற்பவரும் அவ்வாறே காத்திருந்து அமர்ந்து வந்திருக்கலாம் அன்றோ? குழந்தை களைப்படையும் முன்பே புறப்பட்டிருக்கலாம் அன்றோ? தம் திட்டக் குறைவுக்குப் பிறர் ஏன் ஈடு செய்ய வேண்டும்? இவ்வாறு அவர்கள் கேட்கின்றனர்.

இக்கேள்விகள் உரிமையைப் பற்றியவை. வரிசையில் நின்று பெற்ற இருக்கை அவர்க்கே உரியது என்பதில் ஐயமில்லை. ஆனால், உரிமை எங்கே முடிகின்றதோ அங்கேதான் பண்பு தொடங்குகின்றது. தமக்கு உரிமையில்லாத பொருளை ஒருவர் பிறர்க்குத் தருதல் எங்ஙனம்? இருக்கை அவருடையது என்பதனாலேயே அதனைத் தரும் பெருமையும் அவருடையதாகின்றது. மேலும், வழியில் இடறி விழுந்தவனைத் தூக்கும் முன், அவன் ஏன் பார்த்து நடக்கவில்லை என்று விசாரணை செய்வார் உண்டோ? முதலில் தூக்குதல் வேண்டும். அறிவுரை வேண்டுமாயின் பின்னர்க் கூறிக்கொள்ளலாம்.

இடம் தர வேண்டும் என்பார் கூற்றும் முழுவதும் ஏற்கத்தக்கதன்று. பெண்கள் நிற்கும்போது ஆண்கள் அமர்ந்திருத்தல் கூடாது என்பது அவர்களுள் சிலர் கூறும் பழைய விதி. இளமையும் வலிமையும் வாய்ந்த பெண்ணுக்காக, முழங்கால் வலியால் வருந்தும் முதியவர் எழுந்து நிற்பது முறையாகுமா? வேறு சிலர், குழந்தை பெற்றவர் என்னும் ஒன்றனாலேயே தமக்கு இருக்கை உரியது என எண்ணி, அமர்ந்திருப்பவரைச் சினந்து நோக்குகின்றனர். கொடையை வரியாக மாற்றினால் கொடுப்பவர்க்கும் மகிழ்ச்சியில்லை, பெறுபவர்க்கும் மதிப்பில்லை.

அங்ஙனமாயின், யாருக்கு யார் எழுந்து இடம் தருதல் தகும்? இதற்கு ஆண், பெண் என்னும் வேறுபாடோ, வயதோ முதன்மையான அளவுகோல் ஆகாது. பேருந்தின் இயக்கமே அளவுகோலைக் காட்டுகின்றது. ஓடும் வண்டியில் நிற்பவரின் உடலும் வண்டியின் வேகத்திலேயே செல்கின்றது. ஓட்டுநர் திடீரென்று தடையை அழுத்தினால் வண்டி நின்றுவிடும்; உடலோ முன்னோக்கிச் செல்ல முற்படும். நிலைமம் என்று அறிவியல் கூறும் இயல்பு இதுவே. மேலே உள்ள கைப்பிடியையோ அருகில் உள்ள கம்பியையோ பற்றியிருப்பவர் சிறிது அசைந்து நிலைகொள்வர். பற்ற இயலாதவர் விழுவர். எனவே, பற்றி நிற்க இயலாதவர் யாரோ அவருக்கே முதல் இடம் உரியது எனலாம்.

இவ்வளவுகோலைக் கொண்டு பார்த்தால் குழப்பம் பெரும்பாலும் நீங்கும். உறங்கும் குழந்தையைச் சுமப்பவர் தாயாயினும் தந்தையாயினும் பற்றுவதற்குக் கை இல்லாதவர். சிறு குழந்தைக்குக் கைப்பிடி எட்டாது. கூட்டத்தின் நடுவே அதற்கு மூச்சுவிடுவதும் அரிது. முதியவர்க்குக் கை எட்டினாலும் பிடியில் வலிமை இராது. கருவுற்ற பெண் விழுந்தால் ஏற்படும் கேடு இருவர்க்கு. இத்தகையோர்க்கு, உறுதியாகப் பற்றி நிற்க வல்லவர் எவராயினும் எழுந்து இடம் தரலாம். பன்னிரண்டு வயதுச் சிறுவனும் தரலாம், இளம்பெண்ணும் தரலாம்.

இருக்கையை விட்டுத் தருதல் இத்துணை நல்லதாயின், சட்டத்தினாலேயே அதனைக் கட்டாயமாக்கினால் என்ன என்று சிலர் கேட்கலாம். இதற்கு விடையை அமெரிக்க நாட்டின் வரலாறே தருகின்றது. புளோரிடாவுக்கு அண்டை மாநிலம் அலபாமா. அதன் தலைநகராகிய மாண்ட்கோமரியில் 1955 டிசம்பர் 1இல், தையல் வேலை செய்யும் ரோசா பார்க்ஸ் என்னும் கறுப்பின மாது, வேலை முடிந்து பேருந்தில் வீடு திரும்பினார். வெள்ளையர் ஒருவர் அமர வேண்டும் என்பதற்காக அவரும் அவ்வரிசையில் இருந்த மற்ற மூவரும் எழ வேண்டும் என்று ஓட்டுநர் கட்டளையிட்டார். மற்றவர் எழுந்தனர், அவர் எழவில்லை. அதற்காகச் சிறைப்படுத்தப்பட்டார். அந்நகரத்துக் கறுப்பின மக்கள் 381 நாள்கள் பேருந்துகளைப் புறக்கணித்தனர். பலர் பல மைல் தொலைவு நடந்தே வேலைக்குச் சென்றனர். பேருந்துகளில் நிறவேற்றுமை காட்டும் சட்டம் செல்லாது என்று 1956இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எழுந்து இடம் தருதல் பண்பு. எழுப்பி இடம் பறித்தல் கொடுமை. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் ஒருவர் எழுகின்றார், மற்றொருவர் அமர்கின்றார். ஆயினும், முன்னதில் எழுபவர் உயர்கின்றார்; பின்னதில் எழுபவர் தாழ்த்தப்படுகின்றார். மனமார்ந்த இசைவே இவ்விரண்டையும் பிரிக்கும் எல்லைக்கோடு. அமர்ந்திருப்பவரைக் கட்டளையாலும் கடுஞ்சொல்லாலும் எழுப்ப முயல்வோர் இவ்வெல்லையை மறத்தல் ஆகாது.

இக்கருத்தை அந்நாட்டின் பிற்காலச் சட்டமும் உணர்ந்திருக்கின்றது. உடற்குறை உடையோரின் உரிமைகளைக் காக்கும் சட்டம் ஒன்று 1990இல் அங்கு நிறைவேறியது. அதன்படி புதிய பேருந்துகளில் சக்கர நாற்காலியை ஏற்றுவதற்குரிய சாய்தளமோ தூக்கியோ அமைதல் வேண்டும். இஃது உரிமை, இதில் விட்டுக்கொடுத்தலுக்கு இடமில்லை. ஆனால், முன்னுரிமை இருக்கையில் வேறொருவர் அமர்ந்திருந்தால் ஓட்டுநர் செய்ய வேண்டுவது என்ன? எழுமாறு அவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றே அச்சட்டத்தின்கீழ் அமைந்த விதி கூறுகின்றது. வற்புறுத்தி எழுப்புமாறு கூறவில்லை. அமர்ந்திருப்பவர்க்கும் வெளியே தெரியாத ஒரு குறை இருத்தல் கூடும் அன்றோ?

ஆம், எல்லாக் குறைகளும் கண்ணுக்குத் தெரிவன அல்ல. இதய நோயும் மூட்டுவலியும் மயக்கமும் முகத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை. உடற்கட்டோடு விளங்கும் இளைஞர் அண்மையில் அறுவை மருத்துவம் செய்துகொண்டவராக இருக்கலாம். இலண்டன் நகரத்துப் போக்குவரத்து நிருவாகத்தார் இதனை எண்ணி, கருவுற்ற பெண்களுக்கு 2005 முதலும், வெளியே தெரியாத நோயுடையார்க்கு 2017 முதலும் சட்டையில் அணியும் சிறு அடையாள வில்லைகளை வழங்கி வருகின்றனர். வில்லையைக் கண்டவர் வினவாமலே இடம் தரலாம். அத்தகைய அடையாளம் இல்லாத இடங்களில், எழாமல் அமர்ந்திருப்பவரைக் குறித்து நல்லதையே எண்ணுதல் பண்பின் மற்றொரு பகுதியாகும். எழுபவர் தம்மைத்தாமே உயர்ந்தவராகவும், எழாதவரைக் கயவராகவும் கருதத் தொடங்கினால், செய்த நன்மை அப்பொழுதே சிறுத்துவிடும்.

தேவை உடையவர் வாய்திறந்து கேட்டல் இழிவு அன்று. கேட்பதில் ஒரு கூச்சம் இருப்பது இயல்பே. ஸ்டான்லி மில்கிராம் என்னும் உளநூற் பேராசிரியர் 1970களின் தொடக்கத்தில் நியூயார்க் நகரத்துச் சுரங்க இரயில்களில் தம் மாணவரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார். மாணவர் அமர்ந்திருப்போரை அணுகி, காரணம் ஒன்றும் கூறாமல், இருக்கையைத் தருமாறு பணிவுடன் கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. யாரும் தரமாட்டார் என்றே பலர் எண்ணியிருந்தனர். ஆனால், கேட்கப்பட்டவருள் நூற்றுக்கு 68 பேர் எழுந்தோ நகர்ந்தோ இடம் தந்தனர். அதனினும் வியப்பு ஒன்று உண்டு. கொடுத்தவரைவிடக் கேட்டவரே பெரிதும் இடர்ப்பட்டனர். பேராசிரியர் தாமே கேட்க முயன்றபோது சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டதாம்.

இவ்வாய்வு இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றது. பெரும்பாலோர் நெஞ்சில் ஈரம் உண்டு என்பது ஒன்று. அதனை எழுப்ப ஒரு பணிவான சொல் போதும். ஆனால் அச்சொல்லைக் கூறுதல் கேட்பவர்க்கு மிகக் கடினம் என்பது மற்றொன்று. ஆதலால், தேவை உடையவர் வந்து கேட்கட்டும் என்று அமர்ந்திருப்பவர் காத்திருத்தல் முறையாகாது. கேளாமல் தரும் இடமே கேட்பவரின் கூச்சத்தையும் சேர்த்து நீக்குகின்றது.

குடும்பத்தோடு செல்வோர்க்கும் கடமைகள் உண்டு. சிறு குழந்தையை மடியில் அமர்த்திக்கொண்டால் ஓர் இருக்கை மற்றொருவர்க்குக் கிடைக்கும். பைகளுக்கு மடியும் காலடியும் போதும், இருக்கை வேண்டுவதில்லை. தள்ளுவண்டியை வண்டி வருமுன்னரே மடித்து வைத்தல் நன்று. படியருகே நின்று மடிப்பவர் பின்னால் நிற்கும் அனைவரையும் காக்க வைக்கின்றார். சக்கர நாற்காலியில் இருப்போர் முதலில் ஏறும்போது, அவர் வரிசையை முந்திவிட்டார் என்று முணுமுணுத்தல் தகாது. நாற்காலியை ஏற்றிப் பிணிப்பதற்கு ஓட்டுநர்க்கு இடமும் நேரமும் வேண்டும். இடம் பெற்றவர் நன்றி கூறுதல் வேண்டும். அந்நன்றியைத் தம் குழந்தையையும் கூறச் செய்தல் அதனினும் நன்று. அக்குழந்தை வளர்ந்து, தன் கை கைப்பிடிக்கு எட்டும் நாள் வரும்போது, தான் பெற்றதைத் திருப்பித் தரும் முறை அதற்குத் தெரிந்திருக்கும்.

தமிழில் கண்ணோட்டம் என்று ஓர் அரிய சொல் உண்டு. இக்காலத்தில் அது கருத்து அல்லது பார்வை என்னும் பொருளிலேயே பெரிதும் வழங்குகின்றது. அதன் பழைய பொருள் வேறு. ஒருவரைக் கண்டவுடன் கண் அவர்பால் ஓடுவதும், கண்ணோடு நெஞ்சும் சென்று இரங்குவதும் கண்ணோட்டம் எனப்பட்டன. திருவள்ளுவர் இப்பண்புக்கென்றே தம் நூலில் தனி அதிகாரம் ஒன்றை வகுத்துள்ளார். காணுதலும் இரங்குதலும் ஒரே சொல்லில் அடங்கியிருத்தல் எண்ணத்தக்கது. நெரிசல் மிகுந்த பேருந்தில் இருளையும் கைப்பேசியையும் நோக்குவோர் கல் நெஞ்சர் அல்லர். கண்டால் இரங்க நேரும். இரங்கினால் எழ நேரும். அதனை அஞ்சியே அவர் காணாதிருக்கின்றனர். ஆகவே, நெரிசலில் முதற்கடமை எழுதல் அன்று, நிமிர்ந்து நோக்குதலே. நோக்கிய பின், எழ வல்லவர் எழுவர். இயலாதவர் ஓர் இன்சொல்லேனும் கூறுவர். நகர்ந்து சிறிது இடம் செய்வர். நிற்பவரின் பையையேனும் வாங்கி மடியில் வைத்துக்கொள்வர்.

பெற்றோரும் பிள்ளைகளும் கூடி மகிழ்தல் வேண்டும் என்னும் எண்ணத்திலேயே அப்பூங்காக்கள் தோன்றின. அங்கு நாள் முழுவதும் காட்டப்படும் காட்சிகள் பெருஞ்செலவில் அமைந்தவை. கோட்டையும் அணிவகுப்பும் வாணவேடிக்கையும் குழந்தைகளின் கண்ணைக் கவர்கின்றன. நாளின் இறுதியில், செலவில்லாத காட்சி ஒன்றும் அவர்களுக்குக் கிடைக்கின்றது. முன்பின் அறியாத ஒருவர் தம் தாயைக் கண்டு எழுந்து நிற்பதே அக்காட்சி. அல்லது எவரும் எழாமல் அமர்ந்திருப்பதையும் அவர்கள் காணக்கூடும். இவ்விரண்டில் எதனைக் குழந்தைகள் காண வேண்டும் என்று முடிவு செய்பவர் பூங்காவின் நிருவாகத்தார் அல்லர். அப்பேருந்தில் அமர்ந்திருக்கும் மக்களே ஆவர்.